மூடிய இலை

மனித உடம்பில் பொய் சொல்லத் தெரியாத உறுப்பு கட்டைவிரல் ஒன்றுதான். நாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணும் புளுகும். மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்திய கட்டைவிரல் மட்டும் நூற்று அறுபது வருடம் கழித்துக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லும். அதைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

என் பெயர் தணிகாசலம். ராயபுரத்தில் கப்பல் உறவுத் தேடல் அலுவலகத்தில் சரிபார்ப்பு அதிகாரி. வெள்ளைக்காரன் காலத்தில் கரும்பு வெட்ட மொர்லான் தீவுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகளையும், அவர்கள் இங்கே விட்டுப்போன குடும்பங்களின் வாரிசுகளையும் சேர்த்துவைக்கும் அலுவலகம். நூற்று அறுபது வருடம் கழித்து அந்தத் தீவுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அங்கே பிள்ளை பெறுவது ஏறக்குறைய நின்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆள் வேண்டும், ஆனால் கண்டவர்களும் வந்துவிடக் கூடாது. அதனால் சட்டம் போட்டார்கள். கப்பலில் வந்தவரின் உறவு என்று நிரூபித்தால், அந்தத் தீவுக் குடும்பத்தின் தலைவர் நேரில் வந்து "இவர்கள் எங்களவர்கள்" என்று ஒப்புக்கொண்டால், உறவுச் சீட்டு கிடைக்கும். வீடு உண்டு, வைத்தியம் உண்டு, குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் வரும். அந்தக் குழாய்க்காகத்தான் எங்கள் வாசலில் வரிசை தெருமுனை தாண்டி நிற்கிறது. இது 2071. கடற்கரை ஜில்லாக்களில் கிணறு என்று சொல்வதெல்லாம் உப்புக் குழிதான்.

செவந்தி புரட்டாசியில் ஒருநாள் காலை வந்தாள். மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவள். கடல் உள்ளே வந்தபிறகு உப்பளமும் இல்லை, ஊரும் இல்லை. எட்டு வருடமாக தகரக் கொட்டகை முகாமில் இருக்கிறாள். கணவன் இல்லை. பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள், பெயர் தென்றல். அந்தப் பெண்ணின் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"உப்புத்தண்ணி குடிச்சுக் குடிச்சு கிட்னி போயிட்டு வருதுன்னு டாக்டரு சொல்றாரு சார். நல்ல தண்ணி இருக்கிற ஊருக்குப் போனா நின்னுடும்ன்றாரு. உள்நாட்டுப் பக்கம் போனா முகாம் ஆளுங்கன்னு ஊருக்குள்ளயே வுட மாட்டேன்றாங்க."

நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கப்பலில் போனவர் பெயரைக் கேட்டேன்.

"கறுப்பன். எங்க தாத்தாவோட தாத்தாவுக்கு அப்பன். வூட்டுல அவர கப்பக்காரருன்னுதான் சொல்லுவோம். ஆனா சார், ஒண்ணு. அவரு அந்த ஊருக்குப் போய்ச் சேரல. நடுக்கடல்லயே காய்ச்சல்ல செத்துட்டாருன்னு காயிதம் வந்துச்சாம். பரவால்லியா?"

பரவாயில்லாமல் எப்படி இருக்கும்? போய்ச் சேராதவனுக்கு அங்கே ஏது வாரிசு? அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பெண்ணின் கால் கண்ணில் பட்டது. சரி, முறைப்படி பார்த்துவிடுவோம் என்று இருவரிடமும் எச்சில் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

"நூத்தி அறுவது வருசத்துக்கு முந்திச் செத்தவரோட எங்க எச்சிய எப்படி சார் ஒத்துப் பாப்பீங்க? அவரு எலும்பு கூட இல்லியே."

"கப்பலேறும்போது ஒப்பந்தத்துல கைநாட்டு வாங்குவாங்கம்மா. மை மட்டுமா காகிதத்துல ஒட்டும்? வேர்வை ஒட்டும், தோல் ஒரு துளி ஒட்டும். மை காஞ்சதும் அது உள்ளேயே மாட்டிக்கும். இப்ப வந்திருக்கற மெஷின் அந்த மைய உரிச்சு, அடியில இருக்கறத எடுத்துப் படிச்சிடும். யார் யாருக்கு அப்பன்னு சொல்லிடும்."

"பாவம்" என்றாள் செவந்தி. "செத்தும் வுடலியா அவர."

கார்த்திகையில் முடிவு வந்தது. படித்துவிட்டு, இயந்திரத்துக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று திரும்ப ஓட்டச் சொன்னேன். மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் அதே பதில்.

கப்பலேறியவர்கள் கழுத்தில் எண் அடித்த தகரச் சீட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். கப்பலில் ஒருவருக்கு அதுதான் பெயர், ஊர், சாதி எல்லாம். 4417, வேலாயுதம், வெள்ளாளர், நெடுங்குளம். 4418, கறுப்பன், பறையர், மரக்காணம். சென்னையில் ஏறும்போது வைத்த கைநாட்டுகள் சரியாக இருந்தன. பதினெட்டாம் நாள் 4418 காய்ச்சலில் இறந்தான் என்று கடலில் போட்டிருக்கிறார்கள். 4417 தீவில் இறங்கி ஐந்து வருடம் கரும்பு வெட்டி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கைநாட்டு வைத்திருக்கிறான். அந்தக் கட்டைவிரல் வேலாயுதத்தினுடையது அல்ல. கறுப்பனுடையது.

விஷயம் விளங்கியதா? காய்ச்சலில் செத்தது வேலாயுதம். பக்கத்தில் படுத்திருந்த கறுப்பன், பிணத்தைத் தூக்க ஆள் வருவதற்குள் கழுத்துச் சீட்டை மாற்றிக்கொண்டுவிட்டான். கப்பலில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தொரைக்கு எல்லாரும் கூலி, அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு காகிதமும் இரண்டு தேசத்துப் பரணில் கிடந்ததால் நூற்று அறுபது வருடம் யாரும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் இல்லை.

தபாலில் அனுப்புகிற சமாசாரமா இது? நானே முகாமுக்குப் போனேன். கொட்டகைக்குள் அனல் அடித்தது. செவந்தி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "டீ போடட்டுமா சார்?" என்றாள். "நான் டீ குடிக்கறதில்லம்மா" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அவரு சாவலியா?"

"நாற்பத்தோரு வருஷம் அங்க இருந்திருக்கார். வேலாயுதம் பிள்ளைன்னு பேரு. மறுபடி கல்யாணம் பண்ணி நாலு பிள்ளைங்க. கோயில் கூடக் கட்டியிருக்கார்."

"அவரு பொஞ்சாதி, எங்க குப்பாச்சி ஆயா, இருவது வயசுல தாலியறுத்துச்சே சார். கைப்புள்ளய வெச்சிக்கினு எழுவது வயசு வரைக்கும் உப்பு வாரிச்சே. அது எதுக்கு?"

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மாசி மகத்துக்கு மாசி மகம் கடலாண்ட போய் இலை போடுவோம் சார். ஒரு வருசம் வுட்டதில்ல. பட்டினியா கெடந்த வருசம் கூட, தண்ணிக்குள்ள தனியா கெடக்கறாரே, பசிக்குமேன்னு. அவரு அங்க உக்காந்து சாப்புட்டுக்கினு இருந்திருக்கறாரு."

"கோவமா இருக்காம்மா?"

"கோவந்தான். ஆனா செத்தவன் கழுத்துச் சீட்டுல சாதி மாறும்னா, யாரு சார் மாத்திக்க மாட்டாங்க? நானா இருந்தாலும் மாத்திக்கினு இருப்பேன்." பிறகு மகளைப் பார்த்தாள். "எங்கூட்டு ரத்தந்தானே அங்க இருக்கறவங்களும்? மூத்த தாரத்து வமிசம் நாங்க. பாத்தா வுட்டுடுவாங்களா?"

விடமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். முப்பது வருடம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியும் எனக்குப் புத்தி வரவில்லை.

தீவுக் குடும்பத்தின் தலைவர் பெயர் ரிஷார் வேலாயுதோம் பிள்ளை. வயது அறுபது. தை மாதம், பொங்கல் கழித்து வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டையாக விபூதி. தமிழ் தெரியாது. சட்டைக் காலரில் குத்தியிருந்த சில், அதாவது ஒரு சின்ன மொழிபெயர்ப்புக் கருவி, அவர் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்லும், நாம் தமிழில் சொல்வதை அவர் மொழியில் அவருக்குச் சொல்லும். அந்தச் சில்லுக்கு மேடைத்தமிழ்தான் தெரியும்.

காரில் போகும்போது அவர் எனக்குக் குடும்பப் பெருமையைச் சொன்னார். அவர் ஓட்டனார், அதாவது பாட்டனுக்குப் பாட்டன், கட்டிய கோயிலுக்கு அவர்கள்தான் பரம்பரை அறங்காவலர். ஆடித் தீமிதியில் முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்டுவார்கள். குடும்பத்தில் எவரும் மாமிசம் தொடுவதில்லை. "தீவிலேயே தூய்மை கெடாத குடும்பங்கள் ஏழு. அவற்றுள் நாங்கள் முதன்மையானவர்கள்" என்றது சில்.

"மிஸ்டர் பிள்ளை, நான் அனுப்பின அறிக்கையைப் படிச்சீங்களா?"

"பிழைகள் நேர்வது இயல்பு" என்றது சில்.

முகாமில் செவந்தி இருப்பதில் நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். அவரைப் பார்த்ததும் கும்பிட்டாள். "வாங்க... சித்தப்பா முறை வேணும்னு சார் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று என்னைப் பார்த்தாள். ரிஷார் தலையை மட்டும் அசைத்தார். அவர் காது அமைப்பும் முன்பற்களின் இடைவெளியும் அப்படியே தென்றலுக்கு இருந்தன. அதற்கு மெஷின் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

என்ன பேசுவது என்று தெரியாமல் செவந்தி மாசி மகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சில் ஒவ்வொரு வாக்கியமாக அவர் காதில் ஓதியது. "அவருக்கு வேற ஒண்ணும் வெக்க மாட்டோங்க. பழைய சோறு, ஒரு சுருட்டு, அப்புறம் கருவாடு..."

சில் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. அதற்குள் மனுஷர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார்.

தமிழ் தெரியாதவருக்கு அந்த ஒரு வார்த்தை எப்படித் தெரிந்தது? காரில் திரும்பும்போது கேட்டேன். அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு சில்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வாயருகே தாழ்ந்த குரலில் பேசினார். அன்றைக்கு மட்டும் அந்த மேடைத்தமிழ் எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை.

"ஓட்டனாரின் திதியன்று இரண்டு இலைகள் இடுவோம். ஒன்று அனைவரும் காண. மற்றொன்று மேலே வேறோர் இலையால் மூடப்பட்டிருக்கும். அதனுள் இருப்பது குடும்பத் தலைவருக்கு மட்டுமே தெரியும். என் தந்தை இறக்கும் தறுவாயில் என் காதில் சொன்னார். ஒரு துண்டு கருவாடு. காரணம் கேட்காதே, எவரிடமும் கூறாதே, இட்டுவிடு என்றார். நானே சந்தைக்கு மாறுவேடத்தில் செல்வது போலச் சென்று வாங்குவேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நாங்கள் கேட்டதில்லை. நான்கு தலைமுறையாக எவரும் கேட்டதில்லை."

"மிஸ்டர் பிள்ளை, அந்தப் பொண்ணோட கால பாத்தீங்கல்ல? நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அது பொழச்சுக்கும்."

"நான் கையெழுத்திட்டால் அது தீவின் பொதுப் பதிவேட்டில் ஏறும். யார் உறவு, எந்த ஊர், எந்தச் சாதி என அனைவரும் படிப்பர். ஆடியில் என் தலையில் பரிவட்டம் கட்ட அந்த ஆறு குடும்பங்கள் அனுமதிக்குமா? என் பேத்திக்கு அந்த ஆறில் ஒன்றில்தான் நிச்சயம் ஆகியுள்ளது." அவர் சில்லை மறுபடி காலரில் குத்திக்கொண்டார். "அவர் அத்தனை பாடுபட்டு மறைத்ததை நான் அவிழ்க்க வேண்டுமா?"

ஏழு கடல் தாண்டிப் போயும் இந்தச் சனியனை மட்டும் பெட்டியில் பத்திரமாக மடித்து எடுத்துப் போயிருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதுவும் யார்? திருடிய சட்டையைப் போட்டுக்கொண்டு, சட்டை கசங்கிவிடும் என்று பெற்ற பிள்ளையைத் தூக்க மறுக்கிறவர். இதை அவரிடம் சொல்லவில்லை. நான் சாதி பார்க்கிறவன் இல்லை, பார்க்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும், ஆனால் வெளிநாட்டு விருந்தாளியிடம் அதிகாரி அப்படிப் பேசக் கூடாது.

மறுநாள் அவர் வேறு ஒன்று கேட்டார். பதிவேட்டின்படி வேலாயுதத்தின் ஊர் நெடுங்குளம். அங்கே அவருடைய உறவினர் இருப்பார்களே, பார்க்கலாமா?

சட்டம் அதற்கும் இடம் கொடுத்தது. இயந்திரம் வருவதற்கு முன்னால் எழுதிய சட்டம். ரத்தம் பொருந்த வேண்டும், அல்லது பதிவேடு பொருந்த வேண்டும். எது பொருந்தினாலும் தீவுக்காரர் ஒப்புக்கொண்டால் போதும்.

நெடுங்குளம் திண்டிவனத்துக்கு மேற்கே, கடல் எட்டாத மேட்டில் இருக்கிறது. ஊருக்குக் குளம் உண்டு, குளத்தில் தண்ணீரும் உண்டு. என் கடிதம் போய்ச் சேர்ந்த நாலே நாளில் சபாபதி என்பவர் வீட்டுக் கூடத்தில் வேலாயுதம் பிள்ளைக்குப் படம் வைத்து மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். ரிஷார் படத்தின் முன் விழுந்து கும்பிட்டார். நான் சபாபதியைத் தனியாக அழைத்து, படத்தில் இருப்பது யார் என்று கேட்டேன்.

"அது எங்க சம்சாரத்தோட தாத்தாங்க. மீசை பொருத்தமா இருந்திச்சி, வெச்சோம். எங்க வம்சத்துல ஒருத்தரு கப்பலேறினாருன்னு நீங்க எழுதித்தாங்க எங்களுக்கே தெரியும். ஆனா பாருங்க, ரத்தம் பேசுது. அவரைப் பாத்ததுமே எனக்கு ஒடம்பு சிலிர்த்துப்போச்சு."

ரத்தம் பேசவே இல்லை. அதைப் பேசவைக்கும் மெஷின் ராயபுரத்தில் இருக்கிறது. அது இந்த இரண்டு பேருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்லியாயிற்று. இருந்தாலும் சபாபதி குடும்பத்தில் பதினொரு பேருக்கு உறவுச் சீட்டு எழுதினார்கள். ரிஷார் "இவர்கள் எங்களவர்கள்" என்று சில் இல்லாமல் தமிழிலேயே மனப்பாடம் செய்து சொல்லி, கட்டைவிரலை அழுத்தினார். கறுப்பனின் ரத்தம் ஓடும் கட்டைவிரல் அந்தக் காகிதத்தில் பதிவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

படிவத்தின் கடைசியில் அதிகாரியின் ஆட்சேபம் என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதில் நாலு வரி எழுதியிருந்தால் விவகாரம் மேலே போயிருக்கும். தீவு அரசாங்கம் இரண்டு அறிக்கைகளையும் பார்த்திருக்கும். செவந்திக்கு வழி பிறந்தாலும் பிறந்திருக்கும். பிறக்காமலும் போயிருக்கலாம். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டு முத்திரை குத்தினேன்.

செவந்திக்கு நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று மாசி மகத்தன்று காலையிலேயே கிளம்பினேன். திருவிழாக் கூட்டத்தில் வழியில் ஒரு ஓட்டலிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை. போய்ச் சேரும்போது பத்தரை, வயிறு காந்திக்கொண்டிருந்தது. கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்கியிருந்தன. மேளச் சத்தம் காதைப் பிளந்தது. முகாம்காரர்கள் வழக்கம்போலத் தள்ளி, பழைய உப்பளத்துக் கரையில் இருந்தார்கள். செவந்தி மணலில் வாழையிலையை விரித்து மண்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். தென்றல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது.

சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வெறும் கட்டத்தைத் தவிர. மூடிய இலையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கயும் கருவாடுதான் வெக்கறாங்களா?"

"மூடி வைக்கறாங்க."

"கடல்ல செத்தது அந்த பிள்ளமாரு. அவரு வூட்டு ஆளுங்க அவருக்கு எப்பனா ஒரு கை சோறு வெச்சிருக்காங்களா சார்?"

"அப்படி ஒருத்தர் இருந்ததே அவங்களுக்குத் தெரியாதும்மா."

"அப்ப நூத்தி அறுவது வருசமா நாங்க பட்டினி கெடந்து போட்ட சோத்த அவருதான் தின்னுருக்கறாரு. அதுக்குக் கூலியா அவரு வூட்டு ஆளுங்க எங்க சீட்டுல ஏறிப் போறாங்க." அவள் கடலைப் பார்த்தாள். ஏதோ சொல்வாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இலையில் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, மகளின் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்புடு. இந்த வருசத்துலேர்ந்து இலை கடலுக்குப் போவாது."

இன்னோர் இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்து எனக்கு எதிரில் போட்டாள். "நீங்களும் உக்காருங்க சார். எங்களுக்காக இவ்ளோ தூரம் அலைஞ்சீங்க. மணி ஆயிடுச்சி, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க."

நல்ல பசி. குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. என் கை நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று அன்றைக்கு மட்டும் எனக்குத் தெரியாமல் இல்லை.

"இப்பத்தாம்மா சாப்பிட்டு வந்தேன்" என்றேன்.

செவந்தி என்னைப் பார்த்தாள். கோபமாகக் கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் சார். அன்னிக்கும் டீ குடிக்கறதில்லன்னு சொன்னீங்க. மொத நாளு உங்க ஆபீசுல நான் நிக்கறப்ப மேசை மேல டீ கிளாஸ் இருந்துச்சி."

சொல்லிவிட்டு, எனக்குப் போட்ட இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.